வெள்ளி மூன்றரைக்கு விளக்கு: லண்டன் யூதத் தொழுகைக்கூடத்தில் குளிர்காலம் (கேள்வி பதில்)

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் யூதன் இல்லை, யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பம். வடமேற்கு லண்டனில் ஒரு ஒர்த்தடொக்ஸ் (பழைய சட்டத்தைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கிற பிரிவு) யூதத் தொழுகைக்கூடத்தில் பதினாறு வருடமாகப் பராமரிப்பு வேலை செய்கிறேன். திறக்கிறது, பூட்டுகிறது, கதிரை அடுக்குகிறது, ஹீற்றரோடு மல்லுக்கட்டுகிறது எல்லாம் என் தலையில்தான். அங்கே வருகிறவர்கள் அந்த இடத்தை ‘ஷூல்’ என்பார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். சமயத் தத்துவம் வேண்டுமானால் ரபாயை, அதாவது அவர்களுடைய மதகுருவைக் கேளுங்கள். என்னிடம் இருப்பது சாவிக்கொத்தும், பார்த்துக் கேட்டுப் பழகியதும்தான்.

கேள்வி (ஸ்கார்பரோ): அண்ணை, எங்கள் பக்கத்து வீட்டு யூதக் குடும்பம் குளிர்காலத்தில் வெள்ளி மத்தியானமே வேலையால் ஓடி வருகிறார்கள். கோடையில் அப்படி இல்லை. என்ன அவசரம்?

சூரியன்தான் அவசரம். அவர்களுடைய ஓய்வுநாளான ஷபாத் வெள்ளி சூரியன் மறைய முன்னமே தொடங்கிவிடும். சனி இரவு வானத்தில் மூன்று நட்சத்திரம் தெரியும்போதுதான் முடியும். வீட்டுப் பெண்கள் மெழுகுதிரி ஏற்றுவது வழக்கமாகச் சூரியன் மறைய 18 நிமிடத்துக்கு முன். டிசம்பர் நடுவில் லண்டனில் நாலு மணிக்கு முன்னமே சூரியன் போய்விடும், ஆகவே மூன்றரை கடந்தவுடன் திரி எரிய வேண்டும். அதற்குப் பிறகு கார் ஓட்ட முடியாது, அடுப்பு மூட்ட முடியாது, ரெலிபோன் தொட முடியாது.

இதில் பெரிய அடி ஒக்டோபர் கடைசியில் விழும். அந்த ஞாயிறு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளுவார்கள். ஒரு வெள்ளி ஐந்தரைக்கு வந்த ஷபாத் அடுத்த வெள்ளி நாலே காலுக்கு வந்து நிற்கும். புதிதாக வேலைக்குச் சேர்ந்த இளம் ஆட்கள் முதலாளியிடம் இதை விளங்கப்படுத்தப் படும் பாடு இருக்கிறதே! யூதப் பாடசாலைகளும் குளிர்கால வெள்ளிகளில் வேளைக்கு மூடிவிடும். மூன்று மணிக்கு எங்கள் தெருவில் நின்றால் ஆளுக்கொரு பாண் பையோடு பறப்பது தெரியும். மூன்றே முக்காலுக்கு அதே தெருவில் ஒரு கார் கிடையாது. கறுப்புக் கோட்டுப் போட்ட ஆட்கள் ஆறுதலாக நடந்து வருவார்கள். பதினாறு வருடமாகியும் அந்த முக்கால் மணித்தியால மாற்றத்தைப் பார்க்க எனக்கு அலுக்கவில்லை.

கேள்வி (வவுனியா): மின்சாரமே தொடமாட்டார்கள் என்றால் அந்தக் குளிரில் எப்படி இருக்கிறார்கள்? லைற் போட உங்களைத்தானே கூப்பிடுவார்கள்?

எல்லோரும் இப்படித்தான் நினைக்கிறார்கள் தங்கச்சி. உண்மையில், தாங்கள் செய்யக்கூடாத வேலையை மற்றவனிடம் ஏவுவதும் அவர்களுக்குத் தடைதான். அதனால் எல்லாவற்றையும் வெள்ளியே முடித்துவிட வேண்டும். ஹீற்றரும் லைற்றும் ரைமரில் ஓடும். தவறி அமர்த்தாமல் இருக்கச் சுவிச்சுகளுக்கு மேல் நான் ரேப் ஒட்டுவேன். குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தால் உள்ளே பல்ப் எரியும் அல்லவா, அதைக் கழற்றி வைப்பேன். கழிவறையில் சுருள் தாளுக்குப் பதிலாக வெட்டிய தாள், ஏனென்றால் கிழிப்பதும் ஒரு வேலை. தடுக்கப்பட்ட வேலை வகைகள் 39 என்று கணக்கு. அவற்றின் கிளைகள் எத்தனை என்று கேட்காதீர்கள்.

என் முதல் குளிர்காலத்தில் ஒரு கதை நடந்தது. சனி காலை ஹீற்றர் நின்றுவிட்டது. வயதான ஒருவர் என்னிடம் வந்து, “இன்றைக்கு உள்ளே நல்ல குளிர்” என்றார். “ஓம் ஐயா, வெளியிலும் நல்ல குளிர்தான்” என்று சொல்லிவிட்டு நான் கதிரை அடுக்கப் போய்விட்டேன். அவர் கொஞ்ச நேரத்தால் திரும்பி வந்து, “பிள்ளைகளுக்கும் குளிருது” என்றார். “பாவம்” என்றேன். அவர் சாடை சொல்கிறார் என்பது எனக்குப் பிடிபடவே இல்லை! நூறு பேர் கோட்டோடு இருந்து தொழுதார்கள்.

அடுத்த வாரம் ரபாய் என்னைக் கூப்பிட்டுச் சிரித்துக்கொண்டே விளங்கப்படுத்தினார். யோசேப் காரோ என்ற அறிஞர் 16ஆம் நூற்றாண்டில் தொகுத்த ‘ஷூல்கான் ஆரூக்’ என்ற சட்டநூல்தான் இன்றைக்கும் அவர்களுக்கு அடிப்படை. கடும் குளிர் உள்ள நாட்டில் சூட்டுக்காக யூதரல்லாதவரிடம் நெருப்பு மூட்டச் சொல்லலாம் என்று அதில் இருக்கிறதாம். காரணம்: குளிருக்கு முன்னால் எல்லோரும் நோயாளிகள். லைற்றுக்கு இந்தச் சலுகை இல்லை, குளிருக்கு உண்டு. அந்தப் பெரியவர் நேராகவே கேட்டிருக்கலாம், கூச்சத்தில் சாடையாகச் சொன்னார். இப்போது ஒருவர் சனிக்கிழமை என்னிடம் காலநிலை கதைத்தால் நான் முதலில் பொயிலரைத்தான் போய்ப் பார்ப்பேன்.

இன்னொன்று, இதெல்லாம் ஒர்த்தடொக்ஸ் ஷூலின் கதை. ரிஃபோர்ம், லிபரல் என்ற தளர்வான பிரிவுகளில் சனிக்கிழமை காரில் வருகிறவர்களும் உண்டு, மைக் பிடித்துப் பேசுகிறவர்களும் உண்டு.

கேள்வி (கோயம்புத்தூர்): அடுப்பு மூட்டக்கூடாது என்றால் சனிக்கிழமை பழைய சோறா?

பழைய சோறு இல்லை. சோலன்ற். அவரை, பார்லி, உருளைக்கிழங்கு, மாட்டிறைச்சி எல்லாவற்றையும் ஒரே சட்டியில் போட்டு, ஷபாத் தொடங்க முன்னமே சமைத்து, மெல்லிய சூட்டில் விடியும்வரை விடுவார்கள். ஸ்பெயின், கிழக்கு நாடுகளின் வழிவந்த யூதர்கள் இதே மாதிரிச் சட்டிக்கு ஹமீன் என்று பெயர் சொல்வார்கள். கோடையில் இதைச் சாப்பிட்டால் நித்திரை, குளிர்காலத்தில் சாப்பிட்டால் உயிர். சனி விடிய நான் கதவைத் திறக்கும்போது கட்டிடம் முழுக்க அந்த மணம் நிற்கும். எனக்குக் கொஞ்சம் உறைப்புப் போதாது என்பதைத் தவிர வேறு குறை இல்லை.

குளிர்காலத்தில் ஒரு சங்கடம் உண்டு. ஷபாத்தில் மூன்று வேளை விருந்து கட்டாயம்: வெள்ளி இரவு, சனி மத்தியானம், சனி பின்னேரம். தொழுகை முடிந்து, ஷூலிலேயே ஒரு வாய் விஸ்கியும் உப்பு மீனும் எடுத்து, வீட்டுக்குப் போய்ச் சாப்பாட்டு மேசையால் எழும்ப இரண்டு மணி. மூன்றரைக்கு அடுத்த தொழுகை, உடனேயே மூன்றாவது சாப்பாடு. டிசம்பரில் அந்த மேசையில் பாண் துண்டை வெறித்துப் பார்த்துக்கொண்டிருக்கும் முகங்களைப் பார்க்க வேண்டும்.

கேள்வி (சென்னை): லண்டனில்தான் வருஷம் பூரா மழை. அங்கேயும் மழைக்காகப் பிரார்த்தனை செய்வார்கள் என்று கேள்விப்பட்டேன், நிஜமா?

நிஜம்தான், வந்த கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான். தினமும் மூன்று வேளை நின்றபடி சொல்லும் தொழுகையில் வாழ்வாதாரத்துக்கான ஒரு பத்தி இருக்கிறது. குளிர்காலத்தில் அதில் “பனியும் மழையும் தா” என்று இரண்டு சொல் சேரும். இஸ்ரவேலில் இது அவர்களுடைய ஹெஷ்வான் மாதம் 7ஆம் நாள் தொடங்கும். கூடாரப் பண்டிகைக்கு எருசலேம் வந்த யாத்திரிகர் நனையாமல் யூப்ரடீஸ் ஆற்றங்கரைவரை வீடு போய்ச் சேரட்டும் என்று, பண்டிகை முடிந்து 15 நாள் பொறுத்த கணக்கு அது. மழை கேட்கிறதற்கும் ஒரு மரியாதை பாருங்கள்.

வெளிநாட்டு யூதர்கள் பழைய பாபிலோன் வழக்கப்படி இலையுதிர்காலச் சமஇரவு நாளிலிருந்து 60ஆம் நாள் தொடங்குகிறார்கள். அந்தக் கணக்கு ஜூலியன் ஆண்டின் 365¼ நாளில் ஓடுவதால், இப்போது டிசம்பர் 4 மாலையில் வந்து நிற்கிறது. அடுத்த வருடம் லீப் வருடமானால் டிசம்பர் 5. சந்திர மாதத்தில் நடக்கிற ஒரு சமயத்தில், சுவர்க் கலண்டரைப் பார்த்துத் தொடங்குகிற அபூர்வமான காரியம் இது.

அன்றைக்கு மாலை எங்கள் ஷூல் பொறுப்பாளர் மேசையில் ஓங்கி ஒரு அடி அடித்து ஞாபகப்படுத்துவார். சொல்ல மறந்தால் தொழுகையை முதலிலிருந்து திருப்ப வேண்டி வரலாம். வெளியே கூரையில் மழை கொட்டிக்கொண்டிருக்க, உள்ளே மழை கேட்பார்கள். நான் ஒருநாள் ஒரு தாத்தாவிடம் இதைச் சொல்லிச் சிரித்தேன். “நாங்கள் லண்டனுக்கா கேட்கிறோம்?” என்றார்.

கேள்வி (லெஸ்ரர்): மழையில் நனைந்துகொண்டு நடக்கிறார்கள், ஒருவர் கையிலும் குடை இல்லையே?

குடை விரிப்பது கூடாரம் கட்டுவது மாதிரி என்று அவர்களுக்குத் தடை. மழைக்கோட்டு போடலாம். தொப்பிக்குப் பிளாஸ்ரிக் உறை போட்டு வருவார்கள்.

சாமான் தூக்குவது வேறு பிரச்சினை. ஷபாத்தில் வீட்டுக்கு வெளியே எதையும் சுமந்து போகக்கூடாது: வீட்டுச் சாவி, பிள்ளைத் தள்ளுவண்டி ஒன்றும் கூடாது. அதற்குத்தான் ‘எரூவ்’. ஒரு பகுதியைச் சுற்றி வேலி இருப்பதாகக் கணக்கு. பெரும்பாலும் ஏற்கெனவே உள்ள மதிலும் ரயில் வேலியும்தான். இடைவெளி உள்ள இடத்தில் கம்பம் நட்டு மெல்லிய கம்பி இழுத்திருப்பார்கள். ஹென்டன், கோல்டர்ஸ் கிறீன் பக்கத்து எரூவ் 2003இல் நடைமுறைக்கு வந்தது, சுற்றளவு ஏறக்குறைய 18 கிலோமீற்றர். அதற்கு முன் வருடக்கணக்காக எதிர்ப்பும் வழக்காட்டமும். கைக்குழந்தை உள்ள தாய்மார் சனிக்கிழமை வீட்டோடு கிடந்த காலம் அதோடுதான் இந்தப் பக்கம் முடிந்தது.

எரூவை வாராவாரம் சரிபார்ப்பார்கள். குளிர்காலப் புயல் அடித்தால் வியாழன், வெள்ளி முழுக்க ஒரே கேள்வி: கம்பி அறுந்ததா இல்லையா? அறுந்தால், கையுறையைக்கூடக் கழற்றாமல் நடக்க வேண்டும். கழற்றிக் கையில் பிடித்தால் அது சுமை ஆகிவிடும்.

கேள்வி (மட்டக்களப்பு): ஹனுக்கா அவர்களுடைய கிறிஸ்மஸா?

இல்லை. நத்தார் காலத்தை ஒட்டி வருவதால் அப்படித் தோன்றும். எட்டு இரவு விளக்கு, எண்ணெயில் பொரித்த பலகாரம், ஜாம் வைத்த டோநட். எங்கள் விளக்கீட்டைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அந்தச் சன்னல் விளக்குகள் அந்நியமாகத் தெரியாது. முதல் இரவு ஒன்று, இரண்டாம் இரவு இரண்டு என்று ஏறும். மற்றவற்றைக் கொளுத்துகிற திரி தினமும் தனியாக ஒன்று. எல்லாம் சேர்த்து 44 திரி.

வெள்ளிக்கிழமைதான் சிக்கல். ஷபாத் திரிக்கு முன்னமே ஹனுக்கா விளக்கை ஏற்ற வேண்டும், அது இருட்டி அரை மணித்தியாலம் கழியும்வரை எரியவும் வேண்டும். பெட்டியில் வருகிற மெல்லிய நிறத் திரி அவ்வளவு நேரம் தாங்காது. அன்றைக்கு எண்ணெய் விளக்கு, அல்லது தடித்த திரி.

கேள்வி (கொழும்பு): குளிர்காலத்தில் விரதம் இருக்கிறதா?

ஹனுக்கா முடிந்து ஒரு வாரம் போனதும் அவர்களுடைய தெவேத் மாதம் 10ஆம் நாள். பாபிலோன் அரசன் நேபுகாத்நேச்சார் எருசலேமை முற்றுகையிட்ட நாள். விடியலுக்கு முன் தொடங்கி, லண்டனில் மாலை ஐந்துக்குள் முடிந்துவிடும். 2025இல் இரண்டு தரம் வந்தது: ஜனவரி 10, டிசம்பர் 30. அந்த ஜனவரி நாள் ஒரு வெள்ளி. பட்டினியோடு ஷபாத்துக்குள் போனார்கள். வெள்ளியில் விழக்கூடிய பொது விரதம் இது ஒன்றுதான்.

கேள்வி (ஒஸ்லோ): வார நாட்களில் உங்களுக்கு வேலை குறைவுதானே?

ஆறு மணிக்குக் கதவு திறக்கிறவனிடம் கேட்கிற கேள்வியா தம்பி! தினமும் காலைத் தொழுகை உண்டு. திங்களும் வியாழனும் தோரா (மோசேயின் ஐந்து வேதநூல்கள்) சுருளை எடுத்து வாசிப்பார்கள், தோரா கேளாமல் மூன்று நாள் கழியக்கூடாது என்பதற்காக. தோல்பட்டையோடு கூடிய சிறு கறுப்புப் பெட்டிகளைக் கையிலும் நெற்றியிலும் கட்டுவார்கள். தெரிந்த ஒருவரை நாலு முழத் தூரத்தில் அடையாளம் காணும் அளவுக்கு வெளிச்சம் வந்தபிறகுதான் அதைக் கட்டலாம். டிசம்பர் கடைசியில் இங்கே சூரியன் உதிக்க எட்டு மணி கழியும். வேலைக்குப் போகிறவர்கள் ஆறரைக்கே தொடங்கிவிட்டு, இடையில் சன்னலைச் சன்னலைப் பார்ப்பார்கள், ஏழு மணியை ஒட்டி நேரம் வந்ததும் கட்டிக்கொள்வார்கள். மத்தியானத் தொழுகை இன்னும் மோசம், அலுவலகம் விட முன்னமே சூரியன் போய்விடும். சிற்றியில், அதாவது லண்டனின் வங்கி வட்டாரத்தில் வேலை செய்கிறவர்கள் சாப்பாட்டு இடைவேளையில் ஒரு அறையில் கூடித் தொழுவார்கள்.

கூட்டுத் தொழுகைக்குப் பத்து ஆண்கள் வேண்டும். (ரிஃபோர்ம், லிபரலில் பெண்களையும் சேர்ப்பார்கள்.) ஆளை நேராக எண்ணக்கூடாது என்று ஒரு வழக்கம் இருப்பதால், வேதத்தில் உள்ள சங்கீதம் 28இன் கடைசி வசனத்தை ஆளுக்கொரு சொல்லாகச் சொல்லிப் பார்ப்பார்கள். எபிரேயத்தில் அது பத்துச் சொல். தாயோ தகப்பனோ செத்தவர்கள் பதினொரு மாதம் ‘கதீஷ்’ என்ற பிரார்த்தனை சொல்ல வேண்டும், பத்துப் பேர் இல்லாமல் அதைச் சொல்ல ஏலாது. சினோ கொட்டிய ஒரு காலை ஒன்பது பேர் நின்றார்கள். வசனத்தில் கடைசிச் சொல் மட்டும் மிச்சம். ஒரு பெடியன், தகப்பன் போய் இரண்டு மாதம்கூட ஆகவில்லை, கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் அங்கேதான் நிற்கிறேன், ஆனால் கணக்கில் வரமாட்டேன். பிறகு வெளியே போய், எதிர்த் தெருவில் ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டினேன். மனுசன் பைஜாமாவுக்கு மேலே கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தார்.

கேள்வி (ஹரோ): ஷபாத் ஐந்து மணிக்கே முடிந்தால் சனி இரவு என்ன செய்வார்கள்?

வைன், வாசனைத் திரவியம், பின்னல் மெழுகுதிரி மூன்றோடும் ‘ஹவ்தாலா’ சொல்லி ஷபாத்தை அனுப்புவார்கள். கோடையில் இது இரவு பத்து மணி கழிந்துதான், நேரே படுக்கை. குளிர்காலத்தில் ஒரு முழு மாலை கையில் கிடைக்கும். அப்போதுதான் தகப்பனும் மகனும் சேர்ந்து ஒரு மணித்தியாலம் படிக்கிற வகுப்பு. மேசை மேசையாக இருந்து, ஒரே புத்தகத்தில் இரண்டு விரல் ஓடும். முடிவில் பீட்சா, அதிர்ஷ்டச் சீட்டு. சத்தமென்றால் அப்படியொரு சத்தம். என் தகப்பன் என்னோடு ஒரு பக்கம்கூடச் சேர்ந்து படித்ததில்லை என்று அங்கே கூட்டுமாறு பிடித்து நிற்கும்போது நினைப்பு வரும்.

கேள்வி (குறொய்டன்): ஒரு சனிக்கிழமை வந்து பார்க்கலாமா?

வரலாம், ஆனால் முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிட்டு வாருங்கள். வாசலில் காவலுக்குத் தொண்டர்கள் நிற்பார்கள், பெயர் இல்லாமல் வந்தால் குளிரில் நின்று விளக்கம் சொல்ல வேண்டி வரும். ஆண்கள் தலையை மூட வேண்டும், குல்லா வாசலிலேயே இருக்கும். ரெலிபோனை அமர்த்தி உள்ளே வையுங்கள், படம் எடுக்காதீர்கள். சாப்பாடு ஒன்றும் கொண்டுவர வேண்டாம், அக்கா சுட்ட முறுக்கானாலும் சரி. கோஷர் என்ற அவர்களுடைய உணவுச் சட்டக் கணக்கில் வராது. கோட்டைக் கழற்ற முன் உள்ளே சூடு இருக்கிறதா என்று ஒருதரம் பாருங்கள். இல்லையென்றால் என்னிடம் நேராகவே சொல்லலாம், உங்களுக்குத் தடை இல்லை.