யுத்த கால மரச்சீனியை மொட்டைமாடியில் நடலாமா?

கேள்வி: மார்த்தாண்டத்தில் எங்கள் வீட்டு மாடியில் 200 சதுர அடி காலியாக இருக்கிறது. யுத்த காலத்தில் மரச்சீனிதான் (மரவள்ளிக்கிழங்கு) காப்பாற்றியது என்பார் பாட்டி. அதையே பையில் நடலாமா? போன மழையில் நட்ட தக்காளி காய்க்கும் முன்பே வாடிவிட்டது.

பதில்: பாட்டி சொன்னது சரிதான். 1942-ல் பர்மா ஜப்பான் கைக்குப் போனதும் அங்கிருந்து திருவிதாங்கூருக்கு வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. உங்கள் ஊரும் அப்போது அந்தச் சமஸ்தானத்தில்தான் இருந்தது. ஆனால் மரச்சீனி விளைக்கு, அதாவது தோட்ட நிலத்துக்கு ஏற்ற பயிர், மாடிக்கு அல்ல. அதன் தண்டுத் துண்டை நட்டால் 8 முதல் 10 மாதம் பை முடங்கும். ஆளுயரம் வளர்ந்து காற்றில் சாயும். அதற்குள் அதே பையில் தண்டங்கீரை ஏழெட்டுத் தடவை எடுத்துவிடலாம். கிழங்குதான் வேண்டுமென்றால் சிறுகிழங்கு வையுங்கள். ஆடியில் கொடித்துண்டு நட்டால் தையில் தோண்டலாம்.

யுத்த காலத்திடம் கற்க வேண்டியது நடவு வரிசை. 1939-ல் பிரிட்டனில் தொடங்கிய வீட்டுத்தோட்டப் பிரசாரத்தின் முதல் துண்டுப்பிரசுரமே, 90 அடிக்கு 30 அடி நிலத்தில் வருஷம் முழுக்கக் காய் கிடைக்க எதற்குப் பின் எதை நடுவது என்ற திட்டம்தான். நாமோ ஒரே ஞாயிற்றுக்கிழமையில் இருபது பையையும் நிரப்பிவிடுகிறோம்! 15 நாளைக்கு இரண்டு பை கீரை விதையுங்கள். கீரை எடுத்த பையில் தட்டைப்பயறு.

மண் 2 பங்கு, தேங்காய் நார்த்தூள் 1, மக்கிய சாணம் 1. நார்த்தூளை இரண்டு மூன்று தண்ணீரில் அலசாவிட்டால் உப்பு வேரைக் கருக்கும். 20 லிட்டர் பை நனைந்தால் 20 கிலோவைத் தாண்டும். அதனால் மாடித் தளத்தின் நடுவில் குவிக்காமல் சுவர், பீம் ஓரமாகச் செங்கல் மேல் வையுங்கள்.

இனி தக்காளி. இலை மஞ்சளாகாமல் பச்சையாகவே தொங்கியதா? அடித்தண்டை வெட்டி, கண்ணாடி டம்ளர் தண்ணீரில் வெட்டுவாய் மட்டும் நனையும்படி பிடியுங்கள். சில நிமிஷத்தில் பால் போல நூல் இறங்கினால் பாக்டீரியா வாடல். மருந்து தெளித்து மீட்க முடியாது. நம் பக்கத்துச் செம்மண்ணின் புளிப்பும் தேங்கும் தண்ணீரும் அதற்கு வசதி. அடுத்த முறை சாணம் கலப்பதற்கு இரண்டு வாரம் முன்பே, பைக்கு 25 கிராம் நீற்றிய சுண்ணாம்பை மண்ணில் கலந்து நனைத்து வையுங்கள். கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் சக்தி, முக்தி, அனகா ரகங்கள் இந்நோயைத் தாங்கும். கத்தரியில் சூர்யா, ஹரிதா. வாடிய பையின் மண்ணில் தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றும் வேண்டாம். கீரையோ பயறோ போடுங்கள்.