சீன மருத்துவம்: மண்ணீரலிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: சிங்கப்பூரில் செவிலியராக இருக்கிறேன். சீன மருத்துவத்தின் அடிப்படைக் கோட்பாடுகளைப் பகுதிநேர வகுப்பில் படிக்கிறேன். யின்-யாங், ஐந்து இயக்கங்கள், உறுப்புகள், நாளங்கள் என்று அட்டவணை அட்டவணையாக மனப்பாடம் செய்தாகிவிட்டது. ஆனால் ஒரு நோயாளியின் குறிகளை எழுதிக் கொடுத்து, "இது என்ன வகைக் கோளாறு?" என்று கேட்டால் விழிக்கிறேன். மண்ணீரல் செரிமானத்தைப் பார்த்துக்கொள்கிறது என்று படிக்கும்போது, நான் கற்ற உடற்கூறியல் குறுக்கே நிற்கிறது. நம்முடைய பஞ்சபூதத்தையும் சித்த நாடியையும் வைத்து இதைப் புரிந்துகொள்ளலாமா? எதை முதலில் படிப்பது? நாக்கும் நாடியும் பார்க்க எப்படிப் பழகுவது?
– வாசகி, சிங்கப்பூர்

பதில்: அன்புள்ள வாசகிக்கு, உங்கள் உழைப்பில் குறை இல்லை. படிக்கும் வரிசைதான் உங்களை அலைக்கழிக்கிறது. மரம், நெருப்பு, மண், உலோகம், நீர் என்ற ஐந்து இயக்கங்களின் அட்டவணையைக் கொஞ்ச நாள் மூடி வையுங்கள். மண்ணீரல் என்ற ஒரே உறுப்பை எடுத்துக்கொண்டு அதன் வேலை, அது கெட்டால் தெரியும் குறி, அதற்கான மருந்துக் கூட்டு என்று கடைசி வரை போய்விடுங்கள். கோட்பாடு தானாகப் பிடிபடத் தொடங்கும்.

அதற்கு முன், பாடநூலைப் பற்றி ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். பெய்ஜிங், ஷாங்காய், குவாங்சோ, செங்டு ஆகிய நான்கு நகரங்களில் 1956-இல் சீன மருத்துவக் கல்லூரிகள் தொடங்கப்பட்டன. இன்று நீங்கள் கையில் வைத்திருக்கும் பாட அமைப்பு அந்தக் காலகட்டத்தில்தான் உருவானது. அதற்குள் இருக்கும் சரக்கோ ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளில் அடுக்கடுக்காகச் சேர்ந்தது. 'ஹுவாங்டி நெய்ஜிங்' என்ற அடிப்படை நூல் ஹான் காலத்தை ஒட்டித் தொகுக்கப்பட்டது. ஜாங் ஜோங்ஜிங்கின் 'ஷாங்ஹான் லுன்' அந்த ஹான் ஆட்சியின் முடிவுக் காலத்தில், குளிரால் வரும் காய்ச்சல்களைப் பற்றி எழுதப்பட்டது. வெப்பக் காய்ச்சல்களுக்கான முறை மிங், சிங் காலங்களில்தான் முழு உருவம் பெற்றது. அந்த முறையை விளக்கும் வூ ஜூதோங்கின் நூல் எழுதி முடிக்கப்பட்டது 1798-இல். இத்தனையையும் ஒரே மூச்சில் ஒரே கோட்பாடாகப் படித்தால் முரண்கள் இடறத்தான் செய்யும். உடலை மேல், நடு, கீழ் என்று பிரிக்கும் சான்ஜியாவ் என்ற மூவறைகளைப் பாருங்கள். 'நான்ஜிங்' நூல் அதற்குப் பெயர் உண்டு, உருவம் இல்லை என்கிறது. வூ ஜூதோங்கோ காய்ச்சல் மேலிருந்து கீழே இறங்கும் படிகளாக அதைக் கையாள்கிறார். ஒவ்வொரு கருத்தின் பக்கத்திலும் அது எந்தக் காலத்து நூலிலிருந்து வருகிறது என்று குறித்து வைத்தால் பாதிக் குழப்பம் தீரும்.

இனி மண்ணீரல். சீன மருத்துவத்தில் அதன் முக்கிய வேலைகள் மூன்று: உண்டதைப் பக்குவமாக்கி உடலுக்கு அனுப்புவது, தெளிந்த சத்தை மேலே ஏற்றுவது, ரத்தத்தைக் குழாய்களுக்குள் பிடித்து வைப்பது. தசையும் கைகால்களும் அதன் பொறுப்பு. அறுவைச் சிகிச்சையில் மண்ணீரலை எடுத்துவிட்டவருக்கும் செரிமானம் நடக்கிறது என்பது உங்களுக்கே தெரியும். ஆகவே பாடநூல் பேசுவது விலாவுக்கு அடியில் இருக்கும் அந்த உறுப்பைப் பற்றி அல்ல, ஒரு செயல் தொகுப்பைப் பற்றி என்று வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவமனைக் குறிப்பில் அதை எழுதாதீர்கள். நோயாளியிடம் "உங்கள் மண்ணீரல் பலவீனம்" என்றும் சொல்லாதீர்கள். அவர் ஸ்கேன் எடுக்க ஓடுவார்.

நோட்டில் ஒரு பக்கத்தின் நடுவே 'மண்ணீரல் ச்சி குறைவு' என்று எழுதுங்கள் (ச்சி என்பது உடலை இயக்கும் சக்தி). சுற்றிலும் குறிகள்: பசி மந்தம், சாப்பிட்டதும் கூடும் வயிற்று உப்புசம், இளகிய மலம், களைப்பு, வெளிறிய மஞ்சள் முகம், வெளுத்த நாக்கின் ஓரத்தில் பல் தடம், தளர்ந்த நாடி. ஒவ்வொரு குறிக்கும் மேலே சொன்ன மூன்றில் எந்த வேலை கெட்டதால் அது வந்தது என்று ஒரு வரி எழுத வேண்டும். எழுத முடியாத குறி உங்களுக்கு இன்னும் புரியாத குறி.

அங்கிருந்து நான்கு கிளைகள் போகின்றன. மேலே ஏற்றும் வேலை தளர்ந்தால் அடிவயிறு கீழே இழுப்பது போன்ற உணர்வு, நாள்பட்ட பேதி, உறுப்பு இறக்கம். சூடும் குறைந்தால் வயிற்றுவலி. கையால் அழுத்தினாலும் வெந்நீர்ப் பை வைத்தாலும் இதமாக இருக்கும், கைகால் சில்லிட்டிருக்கும், நாக்கு உப்பி ஈரமாக இருக்கும். ரத்தத்தைப் பிடிக்க முடியாவிட்டால் தோலில் எளிதாகக் கன்றல், நீண்டு போகும் மாதவிடாய். பக்குவமாகாத நீர் தேங்கினால் உடல் பாரம், நாக்கில் பிசுபிசுத்த தடித்த படிவு. நான்கிற்கும் அடித்தளக் குறிகள் ஒன்றே. எது கூடுதலாக நிற்கிறது என்பதுதான் கிளையைக் காட்டும். தேர்வுத்தாளில் வரும் நோயாளிக் குறிப்பையும் இப்படித்தான் பிரிக்க வேண்டும்: முதலில் அடித்தளம், பிறகு மிச்சம்.

இந்தப் பிரிவு உயிர் காக்கிற விஷயம் என்பதை லி தோங்யுவான் (1180–1251) காட்டினார். 1232-இல் மங்கோலியப் படை கைஃபெங் நகரை முற்றுகையிட்டபோது, பட்டினியிலும் அலைச்சலிலும் நொந்தவர்களுக்குக் காய்ச்சல் கண்டது. வெளிக்குளிர் தாக்கிய காய்ச்சல் என்று எண்ணிய வைத்தியர்கள் வியர்க்க வைக்கும் மருந்தையும் கழிச்சல் மருந்தையும் கொடுத்தார்கள், மக்கள் மடிந்தார்கள். உள்ளே ச்சி வற்றியதாலும் காய்ச்சல் வரும், அதற்கு ஊட்டம்தான் மருந்து என்று அவர் எழுதி, 'பூஜோங் யிச்சி தாங்' என்ற கூட்டையும் தந்தார். மேலே சொன்ன முதல் கிளைக்கு இன்றும் அதுதான் முதன்மை மருந்து.

கூட்டுகளையும் இதே வழியில், ஒன்றிலிருந்து ஒன்றாகப் படியுங்கள். ச்சி குறைவுக்கு 'ஸுஜுன்ஸு தாங்': ஜின்செங் 9 கிராம், பாய்ஜு 9, ஃபூலிங் 9, தேனில் வறுத்த அதிமதுரம் 6. ஜின்செங் ச்சியை ஏற்றுகிறது; பாய்ஜு என்ற கிழங்கு ஈரத்தை உலர்த்துகிறது; பைன் வேரில் வளரும் காளானான ஃபூலிங் அதைச் சிறுநீராக வடிக்கிறது; அதிமதுரம் எல்லாவற்றையும் இணக்குகிறது. உப்புசத்துக்கு உலர்ந்த கமலாத்தோலைச் சேர்த்தால் ஒரு கூட்டு. சளிக்குப் பதப்படுத்திய பான்ஷியாக் கிழங்கையும் சேர்த்தால் அடுத்தது. வலிக்குக் கோஷ்டமும் ஏலக்காய் இனத்து ஷாரனும் சேர்ந்தால் 'ஷியாங்ஷா லியூஜுன்ஸு தாங்'. ஃபூலிங் போய்ச் சுக்கு வந்தால் சூடு குறைந்த இரண்டாம் கிளைக்கான 'லிஜோங்'. காலத்தால் அதுவே மூத்தது.

பழைய அளவுகளில் ஏமாற வேண்டாம். ஷாங்ஹான் லுன்னில் 'குவெய்ஜு தாங்' கூட்டுக்கு இலவங்கப்பட்டை மரத்தின் குச்சி 3 லியாங் (பழைய சீன எடை அளவு). ஹான் காலத்து ஒரு லியாங் இன்றைய கணக்கில் 13 கிராமுக்கு மேல் வரும். பாடநூலோ ஒரு லியாங்கை 3 கிராமாக வைத்து 9 கிராம் என்கிறது. தேர்வுக்குப் பாடநூல் அளவே சரி. அந்தக் கூட்டின் செய்முறையையும் விடாமல் படியுங்கள். கஷாயத்தைக் குடித்ததும் சூடான நீர்த்த கஞ்சி குடிக்க வேண்டும், இரண்டு மணி நேரம் போர்த்திக்கொள்ள வேண்டும், உடல் இலேசாக நனைய வியர்த்தால் போதும். தாரையாக வியர்த்தால் நோய் போகாது. முதல் வேளையிலேயே குணம் தெரிந்தால் மீதியைக் குடிக்கக் கூடாது. கோட்பாடு சமையலறை வரைக்கும் வருவதை இந்தச் சில வரிகளில் பார்க்கலாம்.

இப்போது ஐந்து இயக்கங்களைத் திறக்கலாம். கோபமும் மன அழுத்தமும் வந்தால் வயிறு வலித்துப் பேதியாகிறவர் இருக்கிறார். நாடி வில் நாண் போல விறைத்திருக்கும். கல்லீரல் (மரம்) மண்ணீரலை (மண்) அடக்குகிறது என்ற விதி அங்கேதான் வேலைக்கு வருகிறது. நாள்பட்ட சளியோடு பசி மந்தமும் இருப்பவருக்கு மண்ணை வளர்த்து உலோகமான நுரையீரலைத் தேற்றுவது இன்னொன்று. இந்த இரண்டு உதாரணங்களும் கைவந்தால் மீதி உறவுகள் எளிது. பஞ்சபூதத்தோடு பொருத்திப் பார்க்க வேண்டாம். இங்கே ஆகாயமும் காற்றும் இல்லை. மரமும் உலோகமும் உண்டு. ஒன்று மற்றொன்றை வளர்ப்பதும் அடக்குவதும்தான் இங்கே உயிர்நாடி. இரண்டையும் கலந்தால் இரண்டும் கெடும்.

நாக்கு பார்ப்பதற்குப் பகல் வெளிச்சம் வேண்டும். வார்டின் மஞ்சள் விளக்கில் எல்லாப் படிவும் மஞ்சளாகவே தெரியும். நாக்கை இயல்பாக நீட்டச் சொல்லுங்கள். இழுத்துப் பிடித்தாலோ நெடுநேரம் வெளியே வைத்திருந்தாலோ நிறம் கருஞ்சிவப்பாக மாறும். சில நொடிகளில் பார்த்து, உள்ளே இழுக்கச் சொல்லி, மறுபடி நீட்டச் சொல்லுங்கள். முதலில் நுனி, பிறகு நடு, ஓரம், கடைசியில் அடி. முதலில் சதை, பிறகு படிவு. காப்பியும் வெற்றிலையும் மஞ்சள் போட்ட குழம்பும் சாயம் ஏற்றும்; சூடான உணவு சிவக்க வைக்கும். நம் வீடுகளில் காலையில் நாக்கு வழிக்கும் பழக்கம் உண்டல்லவா? வழித்தவரின் நாக்கில் படிவே இல்லை என்று எழுதி, அதை வயிற்றின் யின் (குளிர்ச்சியும் ஈரமும் தரும் கூறு) வறட்சி என்று முடிவு கட்டுவது தமிழ் வீடுகளில் பழகும் மாணவர் எளிதாகச் செய்யக்கூடிய தவறு. வழித்தாரா என்று முதலில் கேளுங்கள்.

நாடிக்குச் சித்த மருத்துவப் பழக்கம் விரலுக்கு உதவும், அர்த்தத்துக்கு உதவாது. அங்கே மூன்று விரல்களும் வாதம், பித்தம், கபம் சொல்லும். இங்கே இடது கையில் இதயம், கல்லீரல், சிறுநீரகம். வலது கையில் நுரையீரல், மண்ணீரல், சிறுநீரகத்தின் நெருப்பு. கை இதய மட்டத்தில், உள்ளங்கை மேல்நோக்கி இருக்கட்டும். பெருவிரல் பக்கம் மணிக்கட்டுக்கு மேலே புடைத்திருக்கும் எலும்பை ஒட்டி நடுவிரலை முதலில் வையுங்கள். ஆட்காட்டி விரல் மணிக்கட்டுப் பக்கம், மோதிர விரல் முழங்கைப் பக்கம். மெல்ல, நடுத்தரமாக, எலும்பு வரை என்று மூன்று அழுத்தம். ஒரு கைக்கு 50 துடிப்பாவது எண்ணுங்கள். உங்கள் ஒரு மூச்சுக்கு நான்கு அல்லது ஐந்து துடிப்பு இயல்பு. பாடநூலின் 28 நாடிகளையும் துரத்தாமல், மேலோட்டம்-ஆழம், மெதுவு-விரைவு, வலு-தளர்வு என்ற ஆறில் மட்டும் முதலில் விரலைப் பழக்குங்கள். நாடியை வைத்து மட்டும் முடிவு சொல்லாதீர்கள். கேட்டறிந்த குறிகளோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கத்தான் அது.

அக்குபங்சர் புள்ளிகளை அளக்கும்போது நோயாளியின் விரலே அளவுகோல். காலில் உள்ள சூசான்லி புள்ளி முழங்கால் சில்லுக்குக் கீழே வெளிப்பக்கக் குழியிலிருந்து 3 சுன் கீழே, முன்னெலும்பு விளிம்பிலிருந்து ஒரு விரல் அகலம் வெளியே. 3 சுன் என்பது அவருடைய நான்கு விரல்களைச் சேர்த்த அகலம். உங்கள் கையை வைத்தால் குழந்தையின் காலில் புள்ளி தவறிப்போகும்.

மூலிகை விஷயத்தில் பெயர் குழம்பினால் உயிருக்கே ஆபத்து. 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் இளைக்கக் கொடுத்த மாத்திரைகளில் ஃபாங்ஜி என்ற மூலிகைக்குப் பதிலாக அரிஸ்டோலோக்கியா இனத்து குவாங்ஃபாங்ஜி கலந்துவிட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களின் சிறுநீரகம் பாழானது. அதனால் ஒவ்வொரு மூலிகையையும் சீனப் பெயர், தாவரப் பெயர் இரண்டோடும் எழுதிப் படியுங்கள். ஃபூஸு எனும் நாபிக் கிழங்கைப் பதப்படுத்திய பிறகும் தனியாக முன்கூட்டி 30 முதல் 60 நிமிடம் கொதிக்க வைத்தே சேர்ப்பார்கள். அந்த நேரம் குறைந்தால் இதயத்துடிப்பு தடுமாறும்.

வகுப்பில் தேறினாலும், சிங்கப்பூரில் 2000-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவுபெற்றவர் மட்டுமே சீன மருத்துவம் பார்க்கலாம். ஆனால் உங்கள் படிப்பு வார்டில் இப்போதே பயன்படும். நோயாளியின் மருந்துப் பட்டியலை எழுதும்போது கஷாயம், மூலிகைத் தூள் ஏதாவது எடுக்கிறாரா என்று கேட்டு எழுதுங்கள். அதிமதுரம் தொடர்ந்து உட்கொண்டால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். சிறுநீர் பெருக்கி மாத்திரை எடுப்பவருக்கு இது இரட்டைத் தொல்லை. ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவர் டான்ஷென் அல்லது டாங்குவெய் என்ற மூலிகை சேர்ந்த மருந்தைக் குடித்தால் ரத்தக் கசிவு வரலாம். அதை அன்றே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.