நாலு வேலை பார்த்த மகளும் ஐந்தாவது வேலையும்

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகள் முதலில் கணக்கு எழுதினாள், அப்புறம் மருத்துவமனை வரவேற்பில் மூன்று வருடம், நடுவில் நாடகக் குழு, பிறகு வாடிக்கையாளர் சேவை. இப்போது முப்பது வயதில், "குழந்தைகளுக்குக் கோபத்தையும் பயத்தையும் சமாளிக்கக் கற்றுத்தரப் போகிறேன்" என்கிறாள். எதிலும் நிலைக்காதவள் இதில் நிலைப்பாளா என்று கேட்கிறீர்கள். நியாயமான பயம்தான். ஆனால் அவளிடம் கேட்க வேண்டியது வேறு: ஒவ்வொரு வேலையிலிருந்தும் என்ன எடுத்துக்கொண்டு வந்தாய்?

இந்த வேலை எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். ஏழு வயதுப் பையன் விளையாட்டில் தோற்றதும் அட்டைகளைக் கலைத்துப் போட்டுவிட்டு மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்கிறான். "அழாதே, வெளியே வா" என்றால் இன்னும் உள்ளே போவான். தொழில் தெரிந்தவர் தானும் தரையில் உட்கார்ந்து, சற்று நேரம் பேசாமல் இருப்பார். பிறகு, "கோபமா? இல்லை, எல்லாரும் பார்த்துட்டாங்களேன்னு வெட்கமா?" என்று மெல்லக் கேட்பார். பையன் "வெட்கம்" என்று முணுமுணுத்தால் பாதி வேலை முடிந்தது. உணர்ச்சிக்குப் பெயர் வைக்கும்போது மூளையில் அமிக்டலா என்ற பகுதியின் பரபரப்பு குறைவதை அமெரிக்க உளவியலாளர் மேத்யூ லீபர்மேன் குழுவினர் 2007-இல் ஸ்கேன் மூலம் காட்டினார்கள். அந்த ஆய்வில் இருந்தவர்கள் பெரியவர்கள். அடுத்து, விரலை மெழுகுவர்த்தியாக நீட்டி ஊதச் சொல்வார். சுடர் ஆடலாம், அணையக் கூடாது. அப்படி ஊதினால் மூச்சு தானாக நீளும். வெளிமூச்சு நீண்டால் இதயத் துடிப்பு தணியும். பையனுக்கு அது வெறும் விளையாட்டு.

இந்தக் காட்சியில் உங்கள் மகளின் பழைய வேலைகள் தெரிகின்றனவா? பதறி வருகிறவரிடம் குரல் உயர்த்தாமல் பேசுவதை வரவேற்பு மேஜை பழக்கியிருக்கும். திட்டு வாங்கியும் நிதானம் இழக்காமல் இருப்பதை வாடிக்கையாளர் சேவை கற்றுத் தந்திருக்கும். நாடகத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கணக்கு மட்டும்தான் நேரடியாக உதவாது. சொந்தமாக வகுப்பு தொடங்கினால் அதுவும் உதவும்.

ஃப்ரெட் ரோஜர்ஸ் என்று ஒருவர் இருந்தார், அமெரிக்கர். இசையமைப்பு படித்தார், தொலைக்காட்சியில் மேடைக்குப் பின்னால் வேலை பார்த்தார், பொம்மலாட்டம் செய்தார், 1963-இல் பாதிரியாராகப் பொறுப்பேற்றார். குழந்தை உளவியலாளர் மார்கரெட் மெக்ஃபார்லண்டிடம் ஆலோசனை கேட்டுக் கேட்டே தன் குழந்தைகள் நிகழ்ச்சியை வடிவமைத்தார். 1968-இல் நாடெங்கும் ஒளிபரப்பாகத் தொடங்கிய அது, கோபம் வந்தால் என்ன செய்வது என்பதைப் பாட்டாகவே சொல்லிக்கொடுத்தது. எல்லாரும் அவராகிவிட முடியாது, சரி. நான் கவனிக்கச் சொல்வது ஒன்றைத்தான்: இத்தனை தெரிந்தவரும் குழந்தை மனம் அறிந்த ஒருவரிடம் போய்க் கற்றுக்கொண்டார்.

உங்கள் மகள் சறுக்கக்கூடிய இடமும் அதுதான். "எனக்குக் குழந்தைகள் என்றால் உயிர்" என்பது தகுதி ஆகாது. குழந்தை வளர்ச்சி, உளவியல், ஆசிரியர் பயிற்சி இவற்றில் ஒன்றிலாவது முறையான படிப்பு வேண்டும். அதோடு, மூத்தவர் ஒருவர் உடனிருந்து திருத்தும் பயிற்சியும் வேண்டும். ஒரு வார இறுதியில் சான்றிதழ் தருகிறவர்களிடம் பணத்தைக் கட்ட விடாதீர்கள். சமாளிக்கும் திறனைக் கற்றுத்தருவது வேறு, சிகிச்சை வேறு. குழந்தை தன்னைக் காயப்படுத்திக்கொள்கிறது என்றாலோ, வீட்டில் அடி விழுகிறது என்று தெரிந்தாலோ, யாரிடம் உடனே சொல்ல வேண்டும் என்பது அவளுக்கு முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும்.

பள்ளிகள் "பாடத்துக்கே நேரம் இல்லை" என்று சொல்லும். அதற்குப் பதில் இருக்கிறது. 2011-இல் அமெரிக்க உளவியலாளர் ஜோசப் டர்லாக் குழுவினர், உணர்ச்சிகளைச் சமாளிக்கப் பள்ளிகளில் கற்றுத்தந்த 213 திட்டங்களை, 2,70,000-க்கும் மேற்பட்ட மாணவர்களின் தரவை அலசினார்கள். இத்தகைய பயிற்சி பெற்ற பிள்ளைகள் படிப்பிலும் முன்னேறியிருந்தார்கள். நேர்காணலுக்குப் போகும்போது இது அவள் கையில் இருக்கட்டும்.

சம்பளம் ஆரம்பத்தில் சீராக வராது. இப்போதைய வேலையை உடனே விட வேண்டாம். வாரத்தில் ஒரு மாலை, ஒரு பள்ளியிலோ நூலகத்திலோ, அனுபவமுள்ளவருக்கு உதவியாளராக ஒரு பருவம் முழுக்கப் போகட்டும். சுயவிவரத்தில் வேலைகளை வருட வரிசையில் அடுக்காமல், "பதற்றத்தில் இருப்பவர்களிடம் பேசிய அனுபவம்: ஆறு வருடம்" என்று தொடங்கச் சொல்லுங்கள்.

ஒவ்வொரு வகுப்பு முடிந்ததும் அரைப் பக்கம் எழுதி வைக்கட்டும்: எந்தக் குழந்தை என்ன செய்தது, அவள் என்ன செய்தாள், எது எடுபடவில்லை. பெயர்களை மட்டும் எழுத வேண்டாம். பத்து வாரக் குறிப்புகள் சேர்ந்ததும் அவளையே வரச் சொல்லுங்கள், உட்கார்ந்து பார்ப்போம்.