கம்ப்ரஸர் நின்ற பிறகும் காற்று கசிகிறதே, சுவிட்சை மாற்ற வேண்டுமா?

மன்னார்குடியில் பஞ்சர் கடை வைத்திருக்கிறீர்கள், மோட்டார் நின்ற பிறகும் பிரஷர் சுவிட்சுக்குக் (காற்றழுத்தத்தைப் பார்த்து மோட்டாரை ஓட்டி நிறுத்தும் சுவிட்ச்) கீழே காற்று கசிகிறது என்கிறீர்கள். சுவிட்சை மாற்ற அவசரப்படாதீர்கள். நின்றதும் சில நொடி ‘புஸ்’ என்று வருவது இயல்பு. காற்றை அழுத்தும் ஹெட்டிலிருந்து டேங்குக்கு வரும் குழாயில் தேங்கிய காற்று அது. நிற்காமல் வந்தால் டேங்க் காற்றே திரும்புகிறது. பெரும்பாலும் டேங்க் வாயிலுள்ள நான்-ரிட்டர்ன் வால்வு (உள்ளே போன காற்றைத் திரும்ப விடாத வால்வு) சரியாக மூடவில்லை. பிளக்கைப் பிடுங்கி, மீட்டர் முள் பூஜ்யத்துக்கு வரும்வரை காற்றை இறக்கிவிட்டு, அப்புறம் அந்த வால்வைக் கழற்றுங்கள். உள்ளே கரியோ துருவோ ஒட்டியிருக்கும். துடைத்தும் கசிந்தால் வால்வை மாற்றுங்கள்.

நம் டெல்டாவில் ஐப்பசி, கார்த்திகை ஈரம் டேங்குக்குள் தண்ணீராகத் தேங்கும். தினமும் கடை சாத்தும்போது அடியிலுள்ள வால்வைத் திறந்துவிடுங்கள். செம்மண் நிறத்தில் வந்தால் உள்ளே துரு. துருவில் ஓட்டை விழுந்த டேங்குக்கு மட்டும் வெல்டிங் வைக்காதீர்கள், வெடித்துவிடலாம்.