டியூக்குக்குப் போன பையன் – கடிதம், பதில்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர். மாணவர்களுக்குக் கூடைப்பந்து சொல்லித்தருகிறேன். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக அணிக்கு ஆடிய தென் சூடான் இளைஞர் காமன் மலுவாச் பற்றி அவர்களிடம் அடிக்கடி பேசுவேன். ஆனால் ஒரே சீசனில் அவர் படிப்பை விட்டு அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வுக்குப் போனது நெருடுகிறது. ஏழை நாட்டுப் பிள்ளைகளைத் தேடிப் பிடித்து, கல்லூரி என்ற பெயரில் கொண்டுபோய் ஆடவைத்துச் சம்பாதிக்கிறார்கள். அந்தப் பிள்ளையின் நாட்டுக்கு என்ன மிஞ்சுகிறது?

எஸ்.கே., விருதுநகர்

அன்புள்ள எஸ்.கே.,

உங்கள் கோபம் எனக்கும் உண்டு. ஆனால் மலுவாச் அமெரிக்கா போனதில் அவர் நாடு இழந்தது என்று நான் நினைக்கவில்லை. என் கவலை, அங்கே அவர் எந்த நிலையில் இருந்தார் என்பதில்.

மலுவாச் 2006-ல் தென் சூடானின் ரும்பெக்கில் பிறந்தவர். சிறு வயதிலேயே குடும்பம் உகாண்டாவுக்குப் பெயர்ந்து கம்பாலாவின் கவெம்பே பகுதியில் குடியேறியது. 13 வயதுவரை அவர் கூடைப்பந்து ஆடியதில்லை. பைக்கில் போன யாரோ ஒருவர் அவர் உயரத்தைப் பார்த்து, ‘நீ ஆடிப் பார்’ என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் கால் அளவுக்கு ஷூ கிடைக்காமல் க்ராக்ஸ் செருப்போடுதான் தொடங்கினார். அடுத்து செனகலில் சாலி என்ற ஊரில் என்.பி.ஏ. நடத்தும் அகாடமி, ஆப்பிரிக்க லீக், 17 வயதில் தென் சூடான் அணியில் பாரிஸ் ஒலிம்பிக். டியூக் வந்தது இத்தனைக்கும் பிறகு.

அந்த ஒலிம்பிக் அணி எப்படி உருவானது என்பதில்தான் உங்கள் கேள்விக்கான பதில் இருக்கிறது. 1980-களில் மனுட் போல் என்ற, தென் சூடானின் டிங்கா இனத்து இளைஞர் கனெக்டிகட்டில் பிரிட்ஜ்போர்ட் பல்கலைக்கழகத்துக்கு ஒரு சீசன் ஆடினார். அவரும் உங்கள் கணக்கில் படிப்பை முடிக்காதவர்தான். என்.பி.ஏ.வில் சம்பாதித்ததில் பெரும்பகுதியைப் போரில் சிதறிய தன் மக்களுக்கே கொடுத்தார். எகிப்தில் அகதிகளாக இருந்த சிறுவர்களுக்கு ஆட்டமும் சொல்லிக்கொடுத்தார். அவர்களில் ஒருவர் லுவோல் டெங். டெங் லண்டன் வழியாக அமெரிக்கா போய், 2003-04 சீசனில் டியூக்குக்கு ஆடினார். மலுவாச்சுக்கு 21 ஆண்டு முன்பு, அதே டியூக். தென் சூடான் 2011-ல்தான் தனி நாடானது. அதைப் பார்க்காமலே அதற்கு முந்தைய வருடம் போல் இறந்துபோனார்.

ஓய்வுபெற்ற டெங் அந்த நாட்டின் கூடைப்பந்துச் சம்மேளனத் தலைவராகி, கைக்காசைப் போட்டு அணியை நடத்தினார். உள்ளரங்கு மைதானம் ஒன்றுகூட இல்லாத நாடு அது. அந்த அணி 2024 ஜூலையில் லண்டனில் நடந்த பயிற்சி ஆட்டத்தில் அமெரிக்காவிடம் 101-100 என்று ஒரே புள்ளியில்தான் தோற்றது. ஒலிம்பிக்கின் முதல் ஆட்டத்தில் தென் சூடான் கீதத்துக்குப் பதிலாகச் சூடானின் கீதத்தை ஒலிக்கவிட்டார்கள். யாரிடமிருந்து பிரிந்து வந்தார்களோ அவர்களுடைய கீதம். பிழையைத் திருத்தும்வரை வீரர்கள் அசையாமல் நின்றார்கள். பிறகு ஆடி போர்ட்டோ ரிக்கோவை 90-79 என்று வென்றார்கள். இதை எழுதும்போதும் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

ஒரு வருடப் படிப்பு பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டிராஃப்ட், அதாவது அணிகள் புதிய வீரர்களை வரிசையாகத் தேர்வுசெய்வது, நடக்கும் ஆண்டில் 19 வயது ஆகவேண்டும் என்பது என்.பி.ஏ. விதி. மலுவாச்சுக்கு அது 2025. இடைப்பட்ட ஒரு வருடத்தை நல்ல பயிற்சியாளரிடம் கழித்ததை நான் குறை சொல்லமாட்டேன்.

நான் குறை சொல்வது வேறு. கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கலாம் என்று 2021 ஜூலையில் அனுமதி வந்தது. ஆனால் வெளிநாட்டுப் பிள்ளை பொதுவாக எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பார், அதில் வேலைக்குக் கடும் கட்டுப்பாடு. பக்கத்தில் ஆடும் அமெரிக்கப் பையன் விளம்பரத்தில் நடிப்பான், இவர் நடித்தால் விசாவுக்கே ஆபத்து. கென்டகி பல்கலைக்கழக அணியின் நட்சத்திரம், காங்கோவைச் சேர்ந்த ஆஸ்கர் ஷீப்வே, அணி 2022-ல் பஹாமாஸுக்கு ஆடப்போனபோது அமெரிக்காவுக்கு வெளியே என்பதால் அங்கே வைத்து விளம்பர வேலைகளை முடித்துக்கொண்டார். நாட்டின் சிறந்த கல்லூரி வீரர் என்று அந்த வருடம் விருது வாங்கியவருக்கு இந்த நிலை.

இதைவிடக் கொடியது 2025 ஏப்ரல் 5 அன்று நடந்தது. தென் சூடான் பாஸ்போர்ட் வைத்திருக்கும் அத்தனை பேரின் விசாவும் ரத்து என்று அமெரிக்க வெளியுறவு அமைச்சர் மார்கோ ரூபியோ அறிவித்தார். அமெரிக்கா நாடுகடத்திய ஒருவரைத் தென் சூடான் அரசு ஏற்க மறுத்தது, அவர் எங்கள் குடிமகனே அல்ல, காங்கோக்காரர் என்றது. அந்தச் சண்டைக்கு நாடு முழுவதற்கும் தண்டனை. அதே நாள் சான் அன்டோனியோவில் ஃபைனல் ஃபோர் எனப்படும் கல்லூரிப் போட்டியின் அரையிறுதி ஆட்டம். ஹூஸ்டனுக்கு எதிராக 18 வயது மலுவாச் களமிறங்கினார். டியூக் 70-67 என்று தோற்றது. அரங்கு நிறைய அவருக்குக் கைதட்டிய நாட்டில் நாளை தங்கமுடியுமா என்ற கேள்வியோடு அந்தப் பையன் ஆடியிருக்கிறான். ஜூன் மாத டிராஃப்டில் பத்தாவதாகத் தேர்வாகி பீனிக்ஸ் சன்ஸ் அணிக்குப் போனார் என்பதால் அந்த நாளின் அநியாயம் இல்லாமல் போகாது.

உங்கள் மாணவர்களில் யாருக்காவது இப்படி ஓர் அழைப்பு வந்தால் தடுக்காதீர்கள். காயம்பட்டால் ஸ்காலர்ஷிப் தொடருமா, பயிற்சியாளர் மாறினால் என்ன ஆகும், விசாவில் எது கூடாது என்பதை மட்டும் கிளம்புவதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மலுவாச் கதையைச் சொல்லும்போது டெங்கையும் போலையும் சேர்த்தே சொல்லுங்கள்.

அன்புடன்.