டார்சியின் சேட்டை

(வாசகர் கேள்விகளுக்குத் திருகோணமலை ‘டீச்சர்’ பதில்)

கேள்வி: டீச்சர், ஏ.எல். படிக்கிற காலத்தில் ஜேன் ஒஸ்டினின் ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ நாவலை மூன்று தரம் வாசித்தவள் நான். பி.பி.சி. 1995இல் எடுத்த தொடரை இப்போதுதான் போனில் பார்த்தேன், ஆறு அங்கமும் இரண்டே இரவில். கதாநாயகன் டார்சி குதிரையால் இறங்கி, கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு, தன்னுடைய பெம்பர்லி வளவு ஏரிக்குள் பாய்கிறார். பிறகு நனைந்த சேட்டோடு கதாநாயகி எலிசபெத்துக்கு முன்னால் வந்து நிற்கிறார். புத்தகத்தை எடுத்து வரி வரியாகத் தேடினேன், அப்படி ஒரு குளிப்பே இல்லை! இல்லாததை எழுத இவர்களுக்கு யார் உரிமை கொடுத்தது? எனக்கு இரண்டு நாளாகக் கோபம் ஆறவில்லை. அண்ணா சிரிக்கிறார்.
— வாசகி, உப்புவெளி

பதில்: அண்ணாவைச் சிரிக்க விடுங்கள், பிள்ளை. நீங்கள் தேடியது சரி. நாவலில் டார்சி குதிரை லாயப் பக்கத்து வழியால் காய்ந்த உடுப்போடுதான் வருகிறார். இருவருக்கும் இடையில் இருபது யார் தூரம்கூட இல்லை. கண் சந்திக்கிறது, இரண்டு முகமும் சிவந்து போகிறது. பிறகு அந்தப் பெரிய மனிதர் என்ன கதைக்கிறதென்று தெரியாமல், உங்கள் ஊர் லோங்போனில் இருந்து எப்போது வெளிக்கிட்டீர்கள், எத்தனை நாளாக இந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்று கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்கிறார். 1813இல் வந்த புத்தகத்தில் அந்தத் தடுமாற்றந்தான் முழுக் காட்சியும்.

ஆனால் நீங்கள் கோபத்தில் ஒன்றைக் கவனிக்காமல் விட்டுவிட்டீர்கள் போல. சேட் நனைந்து நின்றாலும், தொடரிலும் டார்சி “உங்கள் தாய் தகப்பன் சுகமா?” என்பதை இரண்டு தரம் கேட்கிறார். திரைக்கதை எழுதிய அன்ட்ரூ டேவிஸ் ஒஸ்டினின் பகிடியை எறியவில்லை, அதற்கு மேல் ஒரு வாளி தண்ணீரை ஊற்றியிருக்கிறார், அவ்வளவுதான். உடுப்பே இல்லாமல் குதிக்க வேண்டும் என்றுதான் தான் முதலில் நினைத்ததாக அவர் பிறகு சொன்னார். அதற்கு இது பரவாயில்லை. கன்னியாவில் ஏழு கிணற்றடியிலும் உடுப்போடு நின்று வாளியால் அள்ளி ஊற்றுகிற சனம் நாங்கள், ஒரு நனைந்த சேட்டுக்கு அதிர்ந்து போகலாமா? இங்கிலாந்துக்காரர்தான் அதிர்ந்து போனார்கள். 2013இல் லண்டன் ஹைட் பார்க் ஏரிக்குள் 12 அடி உயரத்தில் டார்சிக்குச் சிலையே வைத்தார்கள், நெஞ்சளவு தண்ணீரில்.

டார்சியின் சேட்டை மன்னித்துவிடுங்கள். (எப்படிப் பிரித்து வாசித்தாலும் சரி.) உங்கள் கோபம் வீணாகப் போகக் கூடாது என்றால் அதை எலிசபெத்தின் தாய் பெனற் அம்மாவுக்காகப் படுங்கள். எனக்கு அந்தக் கோபம் 1997இல் வந்தது. வர வைத்தது என் அம்மா.

லண்டனில் இருந்த மச்சாள் ஊருக்கு வந்தபோது இந்தத் தொடரை இரண்டு வீடியோ கசெற்றாகக் கொண்டுவந்தாள். உவர்மலை வீட்டில் தம்பியின் டெக்கில் போட்டோம். அம்மாவுக்கு இங்கிலீசு வராது, நான் பக்கத்தில் இருந்து தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். மூன்றாம் அங்கக் கடைசியில் டார்சி வந்து, உன்னுடைய குடும்பம் எனக்குத் தகுதியில்லை, இருந்தாலும் உன்னில் ஆசை என்கிறாரே, அதை மொழிபெயர்த்ததும் அம்மா காலை மடக்கி நிமிர்ந்து இருந்தார். “பொம்பிளை கேக்க வாறவன் வீட்டுக்காரரைக் குறை சொல்லிக்கொண்டோ வாறது?” எலிசபெத் மாட்டேன் என்றாள். டார்சி கதவைத் திறந்துகொண்டு போனார். முதல் கசெற் முடிந்தது, அந்தக் கையோடு கரண்டும் போனது.

அன்றிரவு கரண்ட் வரவில்லை. குப்பி விளக்கைக் கொளுத்தி வைத்துக்கொண்டு விறாந்தையில் இருந்தோம். டார்சி இனி வருவானா என்று நாங்கள் அக்கா தங்கச்சிமார் கதைத்துக்கொண்டிருக்க, அம்மா பனையோலை விசிறியால் நுளம்பை அடித்தபடி கேட்டார்: “தாய் மனிசி கத்துறதை எல்லாரும் பகிடி பண்ணுறீங்கள். நாளைக்கு அந்தத் தேப்பன் செத்தால், அந்தப் பிள்ளையள் எங்க போறது?”

யோசித்துப் பாருங்கள். ஐந்து பெண் பெற்றால் அரசனும் ஆண்டி என்பார்கள். நாங்கள் நாலு பெண்கள், அம்மாவுக்கு அந்தக் கணக்கில் ஒன்றுதான் குறைவு. எங்கள் பகுதியில் வீடு வளவு மகளுக்குச் சீதனமாகப் போகும், மகன்தான் பெண் வீட்டுக்குப் போவான். அந்த வழக்கத்துக்குள் வளர்ந்தவருக்கு, ஐந்து மகள்மார் இருக்கிற வீடு, ஆண் பிள்ளை இல்லையென்று, தூரத்துச் சொந்தக்காரன் கொலின்ஸுக்குப் போவது சுத்த அநியாயமாகத்தான் தெரியும். அதை வாய் விட்டுச் சொல்கிற ஒரே ஆள் பெனற் அம்மா. தகப்பன் புத்தக அறைக்குள் இருந்து நக்கல் அடிக்கிறார். வருசத்துக்கு இரண்டாயிரம் பவுண் வருமானம் இருந்தும் மிச்சம் பிடிக்கவில்லை. பிடித்திருக்கலாமே என்று அவர் பிறகு வருந்துவதை ஒஸ்டின் எழுதியே வைத்திருக்கிறார், கடைசி மகள் லிடியா ஓடிப்போன பிறகு வருகிற அதிகாரத்தில் பாருங்கள். தாயைப் பார்த்துச் சிரிக்க வைத்த அதே கையால்தான் ஒஸ்டின் தகப்பனின் கணக்கையும் எடுக்கிறார்.

தொடரில் அந்தக் கணக்கு எங்கே? தகப்பன் கண்ணில் குறும்போடு வருகிறார், எங்களுக்குப் பிடித்துப் போகிறது. தாயாக வருகிற அலிசன் ஸ்டெட்மன் லேஞ்சியை ஆட்டி ஆட்டிக் கீச்சிடுகிறார், எங்களுக்குக் காது வலிக்கிறது. நல்ல நடிகை, குறை சொல்ல மாட்டேன். ஆனால் நாவலில் கதை சொல்கிற குரல் ஒன்று இருக்கிறது, எல்லாரையும் சமமாக ஊசியால் குத்துகிற குரல். கமராவுக்கு அந்தக் குரல் இல்லை. காசுள்ள தனி ஆம்பிளைக்கு ஒரு பெண்சாதி கட்டாயம் தேவை என்ற அந்த முதல் வசனத்தைக்கூட எலிசபெத்தின் வாயில் கொடுத்துவிட்டார்கள். குத்துகிற வேலை முழுக்க அவளிடம் போனதால், அவளுக்கு வெட்கமாக இருக்கிற தாய் எங்களுக்கும் வெட்கமாகிவிட்டார். ஏரி இடையில் சேர்த்த ஒரு காட்சி. இது ஆறு அங்கமும் நடக்கிற அநியாயம்.

(அடுத்த நாள் பத்து மணிக்குக் கரண்ட் வந்தது. டார்சி குதித்தபோது அம்மா அடுப்படியில். “என்னவாம்?” என்று கேட்டார். “குளிக்கிறாராம்” என்றேன். “நல்லது” என்றார்.)

கேள்வி: அந்த ஏரியில் நடிகர் கொலின் ஃபேர்த் உண்மையிலேயே குதித்தாரா? பார்த்தால் பாசி பிடித்த குளம் மாதிரி இருக்கிறது.
— வயல்காரன், தம்பலகாமம்

பதில்: உங்கள் கண் சரியான கண். பாய்ந்தது அவர் இல்லை, சண்டைக் காட்சிக்கு வருகிற மாற்று ஆள். தண்ணீருக்குள் நீந்துவதை ஸ்டூடியோத் தொட்டியில் எடுத்தார்கள். காரணம் கேட்டால் சிரிப்பீர்கள்: எலிக்காய்ச்சல் பயம்! வயலில் இறங்க முதல் உங்களுக்குச் சுகாதாரப் பகுதியினர் குளிசை தருகிறார்களே, அதே வருத்தந்தான். பெம்பர்லி ஏரியும் தம்பலகாமத்து வாய்க்காலும் எலிக்கு ஒன்றுதான்.

கேள்வி: 1995 தொடரா, 2005 படமா?
— கிண்ணியா வாசகர்

பதில்: தொடர். படம் இரண்டு மணித்தியாலம் சொச்சம், தொடர் ஐந்துக்கு மேல். டார்சி எலிசபெத்துக்கு எழுதுகிற கடிதத்தை ஆறுதலாக வாசிக்க நேரம் வேண்டாமா? மற்றது, ஒரு வீட்டு அறைக்குள் நடக்கிற முதல் கலியாணக் கேள்வியைப் படத்தில் கொட்டுகிற மழைக்குள் கொண்டுபோய் வைத்தார்கள். காதலென்றால் மழை பெய்ய வேண்டும் என்று எங்கள் சினிமாக்காரர் மட்டும்தான் நினைக்கிறார்கள் என்று இருந்தேன்.

கேள்வி: டீச்சர், ஜேன் ஒஸ்டினின் தம்பி எங்கட ஊரில்தான் புதைக்கப்பட்டிருக்கிறார் என்று அப்பா சொல்கிறார். சும்மா கதையா?
— பத்தாம் ஆண்டு மாணவன், பாலையூற்று

பதில்: உண்மை, மகன். சாள்ஸ் ஒஸ்டின், ஜேனுக்கு மூன்றரை வயது இளையவர். பிரெட்ரிக் கோட்டைக்குக் கிட்ட, எஸ்பிளனேட் பக்கத்துப் பழைய சேமக்காலையில் கல்லறை இருக்கிறது. பிரித்தானியக் கடற்படையின் கிழக்கிந்திய, சீனப் பிரிவுக்குத் தளபதியாக 1850இல் வந்தவர். பர்மாச் சண்டையில் ஐராவதி ஆற்றில் நிற்கும்போது வாந்திபேதி வந்து 1852 ஒக்டோபர் 7இல் இறந்தார், உடலை இங்கே கொண்டுவந்து புதைத்தார்கள். வயது 73. அக்கா போய் அப்போது முப்பத்தைந்து வருசம், அவர் 1817 ஜூலையிலேயே இறந்துவிட்டார். (அதே 1817 ஒக்டோபரில்தான் பம்பாயில் எங்கள் ஊர்ப் பெயர் வைத்த தேக்குக் கப்பல் ஒன்று கடலில் இறங்கியது. ‘திருகோணமலை’ இன்னும் இங்கிலாந்தில் ஹார்டில்பூலில் மிதக்கிறது.)

‘பெர்சுவேஷன்’ நாவலில் அட்மிரல் குரொஃப்ட் என்று ஒருவர் வருவார், கிழக்கிந்தியப் பக்கம் பல வருசம் நின்றவர். அந்தப் பக்கத்துக் கப்பல்கள் வந்து ஒதுங்குகிற துறைமுகம் எங்களுடையது. அதனால் அந்த மனிசன் எங்கள் உட்துறைமுகத்தில் நின்று மூக்குறிஞ்சியிருப்பார் என்று நான் நம்புகிறேன். நிரூபிக்க முடியாது, மறுக்கவும் முடியாது.

சாள்ஸைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். 1801இல் எதிரிக் கப்பல் பிடித்த பங்கில் முப்பது பவுண் கையில் வந்ததும், இரண்டு அக்காமாருக்கும் தங்கச் சங்கிலியும் புஷ்பராகக் கல் சிலுவையும் வாங்கினார். காசை இப்படிக் கரைக்கிறானே என்று ஜேன் கடிதத்தில் செல்லமாகத் திட்டியிருக்கிறார். பிறகு ‘மான்ஸ்ஃபீல்ட் பார்க்’ நாவலில் ஒரு கடற்படைப் பொடியன் சகோதரிக்குச் சிலுவை கொண்டுவருவான், சங்கிலி வாங்க மட்டும் காசு காணாது. அது எங்கிருந்து வந்தது என்று நான் சொல்லத் தேவையில்லை.

காலையிலேயே போங்கள், வெயில் ஏறினால் நிற்க முடியாது. வழியில் மான்கள் குறுக்கே வரும், சைக்கிளை மெல்ல விடுங்கள். பெம்பர்லியில் மான் நிற்பதைக் காட்டி வியக்க வைக்கிறார்கள், எங்கள் பஸ் நிலையத்திலேயே மான் நின்று பேப்பர் தின்கிறது.

2003இல் அம்மாவை அங்கே கூட்டிக்கொண்டு போனேன். எழுத்தைத் தமிழில் சொன்னேன், சங்கிலிக் கதையையும் சொன்னேன். “கலியாணம் முடிச்சவரோ?” என்றார். முடித்தவர், முதல் மனைவி இறந்ததும் அவளுடைய சகோதரியையே முடித்தார் என்றேன். “அது சரி, பிள்ளையளைப் பார்க்க ஆள் வேணும்தானே” என்று தலையாட்டிவிட்டு, “ஆம்பிளைச் சகோதரம் எண்டால் இப்பிடி இருக்கோணும், அக்காமாருக்குச் சங்கிலி!” என்றார். பிறகு வாசலில் மோட்டார் சைக்கிளில் காத்திருந்த தம்பியைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையை இங்கே விவரிக்க மாட்டேன். தம்பி இந்தச் சஞ்சிகை வாங்குகிறவன்.