கொலு பொம்மை செய்யிற ஆளு நான், கேக்குறதெல்லாம் கேளுங்க

வணக்கம். மதுரைக்கு மேற்க திருப்பரங்குன்றம் பக்கம் விளாச்சேரி. எங்கய்யா காலத்துல இருந்து மண்ணு வேலை, நான் 20 வருஷத்துக்கு மேல கொலு பொம்மை செய்யிறேன். போன வாரம் கேள்வி இருந்தா எழுதி வைங்கன்னு சொன்னேன், இம்புட்டு வரும்னு நினைக்கல. வரிசையா சொல்லிட்டு வாரேன், ஒரே மாதிரி கேள்விய சேர்த்துட்டேன்.

படிக்கட்டு பாட்டி கேட்டது: கிருஷ்ணர் பொம்மை ஒண்ணுக்கு நீங்க கேட்ட விலைக்கு ரோட்டோரம் மூணு கிடைக்குதே, ஏன் இம்புட்டு வித்தியாசம்?

பாட்டி, ரோட்டோரத்துல இருக்கறது பாதி பாரிஸ் சாந்து, அதான் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். கலக்கி அச்சுல ஊத்துனா கால் மணி நேரத்துல கல்லா இறுகிரும், அன்னைக்கே பெயிண்ட் அடிச்சுரலாம். மண்ணு அப்படி விடாது. கண்மாய் மண்ண ஊறவச்சு, கல்லு வேர் எல்லாம் பொறுக்கி, மணல் சேர்த்து மிதிச்சு, முன் அச்சு பின் அச்சுன்னு ரெண்டா அமுக்கி, மண்கூழ் தடவி ஒட்டி, மொதல்ல நெழல்ல காயப்போட்டு அப்புறம் தான் வெயில். அவசரப்பட்டு நேரா வெயில்ல வச்சா மேல சுருங்கும் உள்ள சுருங்காது, விரிசல் விட்டுரும். அதுக்கப்புறம் சூளை. உள்ள கொஞ்சம் ஈரம் இருந்தாலும் ஆவியாகி பொம்மை வெடிச்சுரும், பக்கத்துல இருக்கற நாலையும் கூட கூட்டிட்டு போகும். சூளை பிரிச்சப்புறம் உப்புத்தாள் தேய்ச்சு, வெள்ளை அடிச்சு, மேனி கலரு, துணி கலரு, நகை, கடைசியா கண்ணு. இதுல மண்ணு, வெறகு, பெயிண்டு காசு கம்மி தான், மிச்சம் பூராம் கைக்கூலி. அந்தக் கூலிய தான் நீங்க பேரம் பேசுறீங்க 😄 பேசுங்க, தப்பில்ல, எங்கம்மாவும் மீன் வாங்கப் போனா அப்படித்தான்.

பெங்களூர் மருமகள்: மண்ணா, காகிதக்கூழா, பாரிஸ் சாந்தான்னு எப்படி கண்டுபிடிக்கிறது?

கவுத்துப் பாருங்க. அடியில செவப்பா இருந்து, விரலால சுண்டுனா டங்னு கேட்டா சுட்ட மண்ணு. வெள்ளையா, கனமா, சத்தம் மொத்துன்னு இருந்தா பாரிஸ் சாந்து. தூக்குறப்பவே அட என்னடா லேசா இருக்குன்னு தோணுனா காகிதக்கூழ், பழைய பேப்பரை ஊறவச்சு அரைச்சு மாவு சேர்த்து செய்யிறது. காகிதக்கூழ் மட்டம்னு நினைச்சுராதீங்க, பெங்களூருக்கு பஸ்ல கொண்டு போக அதான் தோது, ஒடையாது, ஆனா ஈரமும் பூச்சியும் ஆகாது. பாரிஸ் சாந்து தண்ணியில கரையாது, அதனால தான் கரைக்கிற பிள்ளையாருக்கு அது கூடாதுன்னு மத்திய மாசு கட்டுப்பாட்டு வாரியம் 2020ல வழிமுறை போட்டுச்சு. கொலு பொம்மைய நாம கரைக்கிறதில்ல, அதனால விக்கிறவனை திட்ட மாட்டேன். மண்ணுன்னு சொல்லி அதை விக்கிறான் பாருங்க, அவனைத்தான் திட்டுவேன்.

சேலம் அக்கா: உங்களை மாதிரி ஆளுங்களுக்கு நிஜமாவே உதவணும்னா என்ன செய்யணும்? நவராத்திரிக்கு உங்ககிட்டயே வாங்குனா போதுமா?

அக்கா, இந்த ஒரு கேள்விக்காகத்தான் உக்காந்தேன்னு வச்சுக்கங்க.

நவராத்திரிக்கு வாங்குறது நல்லது தான், ஆனா எங்க கஷ்டம் நவராத்திரில இல்ல. தை மாசம் மண்ணு எடுக்கணும், மாசி பங்குனி சித்திரை வெயில் தான் காய வைக்கிற காலம், ஆடில பெயிண்ட் வேலை நெருக்கும், புரட்டாசில தான் காசப் பாக்குறது. எட்டு மாசம் செலவு மட்டும், வரவு பதினைஞ்சு இருபது நாள்ல. நடுவுல வெறகுக்கும் பெயிண்டுக்கும் பள்ளிக்கூட ஃபீஸுக்கும் எங்க போறது, யாவாரிகிட்ட தான். அவரு பங்குனில பணம் குடுப்பாரு, விலையும் அன்னைக்கே அவரே சொல்லிருவாரு. நான் ஒரு வருஷம் அப்படி 40 தசாவதார செட்டு குடுத்தேன், அதே செட்டு டவுன்ல ஒரு கடையில நான் வாங்குனதுக்கு ரெண்டரை மடங்குல தொங்குது. அவரு மேல கோவமில்ல, வாடகை, ஒடைசல், விக்காம தங்குறதுன்னு அவருக்கும் இருக்கு. ஆனா பங்குனில என் கையில பத்தாயிரம் இருந்திருந்தா அந்த விலைக்கு தலையாட்டியிருக்க மாட்டேன், அவ்வளவு தான் விஷயம்.

அதனால கேக்குறேன், புரட்டாசில வாங்கப் போற பொம்மைய சித்திரைல சொல்லிருங்க, பாதிப் பணம் முன்னாடி குடுங்க. விலை கூட கூட்ட வேணாம். நாலு வீடு சேர்ந்து சொன்னா இன்னும் நல்லது, ஒரே சூளையில போயிரும். போன வருஷம் ஒரு அபார்ட்மெண்ட்ல ஒம்பது வீட்டுக்காரங்க சேர்ந்து ஏப்ரல்லயே அட்வான்ஸ் போட்டாங்க, அந்த சீசன் தான் நான் வட்டிக்கு வாங்காத மொத சீசன். கலை வாழ்க, பாரம்பரியம் காப்போம்னு ஸ்டேட்டஸ் போடுறதுக்கு நன்றி, ஆனா அதை வச்சு வெறகு வாங்க முடியல அக்கா.

காலேஜ் தம்பி: கவர்மெண்ட் உதவி எதுவும் இல்லையாண்ணே?

இருக்குப்பா, இல்லைன்னு சொன்னா பொய். மத்திய ஜவுளி அமைச்சகத்துக்கு கீழ கைவினைஞர் அடையாள அட்டை குடுக்குறாங்க, அது இருந்தா கண்காட்சில ஸ்டால் கேக்கலாம். 2023ல வந்த விஸ்வகர்மா திட்டத்துல 18 தொழில்ல குயவரும் உண்டு, பொம்மை செய்யிறவங்களும் உண்டு, கருவி வாங்க 15,000 ரூபா, மொதல் கடன் 1 லட்சம் வரைக்கும் 5 சதவீத வட்டில. தமிழ்நாடு அரசோட பூம்புகார் கைவினைக் கடைகள்ல வருஷா வருஷம் கொலு கண்காட்சி நடக்கும். 2024ல கண்மாய் மண்ணு எடுக்க தாசில்தார் கிட்டயே அனுமதி வாங்கிக்கலாம்னு ஆக்கிட்டாங்க, அதுக்கு முன்னாடி பட்ட பாடு தனிக்கதை, ராத்திரி வண்டி ஓட்டுனவங்களைக் கேட்டா சொல்லுவாங்க. ஆனா ஃபார்ம் பூர்த்தி பண்ண, போட்டோ அப்லோட் பண்ணன்னு ரெண்டு நாள் வேலை போயிரும், எங்க தெருவுல வயசானவங்க பாதிப் பேரு அதுக்காகவே போறதில்ல. நீ காலேஜ் பையன்ல, ஒரு ஞாயித்துக்கிழமை லேப்டாப்போட வந்து நாலு பேருக்கு போட்டுக் குடு, அதுவும் உதவி தான்.

பேரு போடாத ஒருத்தர்: அச்சுல அமுக்கி எடுக்கறது தானே, இதுல கலை எங்க இருக்கு?

கேட்டது நல்லது, நெறைய பேரு மனசுல இருக்கும்.

அச்சு எங்கிருந்து வருதுங்க? யாரோ ஒருத்தர் மொதல்ல வெறும் கையால, மூங்கில் குச்சியால ஒரு மூலம் செஞ்சாத்தான் அச்சு. பழைய அச்சு எங்கய்யா குடுத்தது ஒரு முப்பது இருக்கு, சோறு போடுறது அது தான். ஆனா வருஷத்துக்கு ஒண்ணாவது புதுசா செய்யலைன்னா எனக்கு கை அரிக்கும். மூணு வருஷத்துக்கு முன்னாடி அழகர் ஆத்துல இறங்குற செட்டு செஞ்சேன். தங்கக் குதிரையில அழகர், அது எல்லாரும் செய்யிறது. எனக்கு கூட்டம் வேணும். சித்திரா பௌர்ணமிக்கு வைகைல போய் நின்னேன், சாமியப் பாக்கலை, சனத்தையே பாத்துட்டு இருந்தேன். ஆட்டுத்தோல் பையில தண்ணி பீச்சுறவரு முதுகு எப்படி வளையுது, சொம்பு நெறைய சர்க்கரைய வச்சு மேல சூடம் ஏத்தி நிக்கிற பொம்பளை அந்த சூட்டுக்கு முகத்தை எந்தப் பக்கம் திருப்புது, அப்பா தோள்ல உக்காந்த புள்ள எங்க பிடிச்சிருக்கு (முடியத்தான், கொத்தா!). வீட்டுக்கு வந்து பதினோரு உருவம், ரெண்டு மாசம் ஆச்சு, தண்ணி பீச்சுறவரை மட்டும் ஆறு தடவை ஒடைச்சேன், ஏன்னா ஒவ்வொரு தடவையும் அவரு ஏதோ தோட்டத்துக்கு மருந்தடிக்கிற மாதிரியே நின்னாரு.

நல்லா போச்சு. அடுத்த வருஷம் ஒருத்தரு என்கிட்டயே ஒரு செட்டு வாங்கிட்டுப் போய் ரப்பர் அச்சு எடுத்து பாரிஸ் சாந்துல ஊத்தி பாதி விலைக்கு விட்டுட்டாரு. அவரு பொம்மையிலயும் அந்தப் புள்ள முடியப் பிடிச்சுட்டு தான் இருக்கு. மார்க்கெட்டுல அதைப் பாத்தப்ப கோவம் வந்துச்சு, கூடவே அது நம்ம கையில பொறந்ததுடான்னு ஒரு இதுவும் வந்துச்சு, அதை எப்படி சொல்றதுன்னு தெரியல.

கோவை அம்மா: பொம்மைய எடுத்து வைக்கிறது எப்படி? வருஷா வருஷம் பெயிண்ட் பேத்துக்கிட்டு வருது.

பிளாஸ்டிக் கவர் வேணவே வேணாம்மா, வேர்த்து பெயிண்டை தூக்கிரும். பேப்பரை நேரா சுத்தாதீங்க, வார்னிஷ்ல ஒட்டிக்கும். பழைய காட்டன் வேட்டி, சேலைத் துணில சுத்தி, அதுக்கு மேல பேப்பர், நடுவுல காஞ்ச வேப்பிலை. படுக்க வைக்காம நிக்க வைங்க. ஈரத்துணி போட்டுத் தொடைக்காதீங்க, காஞ்ச பிரஷ் போதும். விரல் ஒடஞ்சா தூக்கிப் போட்டுறாதீங்க, ஒட்டி கலர் தொட்டுக் குடுக்கற வேலை ஐப்பசி கார்த்திகைல நான் எடுப்பேன், மழைக்கு வேற பொழப்பும் கம்மி.

புதுசா கல்யாணம் ஆனவங்க: வருஷம் ஒரு பொம்மை தான் வாங்க முடியும், எதை மொதல்ல வாங்குறது?

மரப்பாச்சி ஜோடி அம்மா வீட்ல குடுத்திருப்பாங்க. அதோட ஒரு செட்டியார் செட்டியாரம்மா வாங்கிக்கங்க, அப்புறம் வருஷம் ஒண்ணு சேர்த்தா போதும், கொலுவும் மூணு படி வச்சாலே போதும். உங்க ஊர்ல மண்ணு வேலை செய்யிறவங்க இருந்தா அவங்ககிட்டயே வாங்குங்க, எனக்கு கூரியர்ல அனுப்பி மூக்கு ஒடஞ்சதுன்னு போன் வாரதுக்கு அது எவ்வளவோ தேவலாம்.

பாட்டு டீச்சர்: கண்ணு யாரு வரையிறது? உங்க வீட்டுக் கொலுவுல எந்த பொம்மை இருக்கும்?

கண்ணு எங்கம்மா. 68 வயசு, கண்ணாடி போட்டுத்தான் வரையிறாங்க, ஆனா கை ஆடாது. ரெண்டு கண்ணையும் ஒரே மூச்சுல முடிப்பாங்க, அந்த நேரம் யாரும் பேசக் கூடாது, டீ கூட கொண்டு போகக் கூடாது. எனக்கு இன்னும் இடது கண்ணு சரியா வராது, அம்மாகிட்ட குடுத்துருவேன்.

வீட்டுக் கொலுவுல விக்காதது தான் டீச்சர். சூளையில காது போன பிள்ளையாரு, ஒரு பக்கம் கருகுன மீனாட்சி, பாம்பு இல்லாம தனியா ஆடுற காளிங்க நர்த்தன கிருஷ்ணன். மேல் படில அந்த தண்ணி பீச்சுறவரு, ஆறு தடவை ஒடைச்சேன்னு சொன்னேன்ல, நிஜத்துல ஆறாவதை ஒடைக்கப் போனப்ப எங்கம்மா பிடுங்கி வச்சுக்கிச்சு. இன்னும் மருந்தடிக்கிற மாதிரி தான் நிக்கிறாரு. எம்மவ அவருக்கு விவசாயி மாமான்னு பேரு வச்சிருக்கா.